பாரம் பிடிக்க ஓர் ஆள்

தையல் வகுப்புக்குப் போன முதல் நாளே திரும்பி வந்துவிடலாமா என்று வெள்ளையம்மா நினைத்தாள். ஜன்னலோரத்து மெஷினில் ஏழுமலைக் கங்காணி உட்கார்ந்திருந்தார்.

பெல்மதுளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பராவைக் கழுவித் துடைத்து, ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கரண்டில் ஓடும் தையல் மெஷின்களைக் கொண்டுவந்து போட்டிருந்தது. வேலையிலிருந்து நின்றவர்களுக்குப் பஞ்சுப் போர்வை தைக்கச் சொல்லிக் கொடுப்பதாகப் பேச்சு. 2004ஆம் வருடம் அது. வெள்ளையம்மாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு, சும்மா உட்கார்ந்தால் அவளுக்குக் கை அரித்தது.

ஏழுமலை அவளை வேலை வாங்கியவர். கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, முற்றல் இலை கிடக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கம்பால் கிளறுவார். அதைக்கூட அவள் பொறுத்துப் போயிருப்பாள். ஆனால், அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று மலைக்கே ஆள் ஓடிவந்து சொன்ன அன்று, "நெரைய முடிச்சிட்டுப் போ" என்றார். தன் வரிசைச் செடிகளைப் பறித்து முடித்துவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினாள். அம்மாவுக்கு வாய்க்கட்டு போட்டு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மனசுக்குள் அவள் அவரை 'அவன்' என்றுதான் சொல்லுவாள். வாய்தான் கங்காணி என்றது.

இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பள்ளத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்ததில் கம்பை ஊன்றித்தான் நடை. பகலில் வீட்டில் கிடந்து கத்துகிறார் என்று மருமகள்தான் வகுப்புக்கு அனுப்பினாளாம். அவர் உள்ளே வந்தால் மற்றப் பெண்கள் இன்னும் எழுந்து நின்றார்கள். வெள்ளையம்மா எழவில்லை.

சொல்லிக் கொடுத்தவர் குணேஸ்வரி டீச்சர், கணவரின் உத்தியோகத்தால் இரத்தினபுரிக்கு வந்துசேர்ந்த யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு துணிக்கு நடுவே மெல்லிய பஞ்சை வைத்து, மேலே கொடியும் இலையுமாகத் தைத்துக்கொண்டே போகவேண்டும். வழக்கமாக ஊசிக்கு அடியில் இருக்கும் பல் துணியைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தையலுக்கு அந்தப் பல்லைக் கீழே இறக்கிவிட வேண்டும். பிறகு துணி எந்தப் பக்கம் போவது, எவ்வளவு போவது எல்லாமே கையின் பொறுப்பு.

வெள்ளையம்மாவின் கை கொழுந்து பறித்த வேகத்திலேயே பாய்ந்தது. தையல் நீளநீளமாகத் தொங்கியது. கையை அடக்கினால் நூல் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சானது. ஊசிகள் உடைந்தன.

"உங்கட கை ஓடுது, மெஷின் ஓடேல்லை அம்மா. ரெண்டும் ஒண்டாய்ப் போகவேணும்" என்றார் டீச்சர்.

"கூடைக்குள்ள வீசுற கைக்கு இது வருமா?" என்றார் ஏழுமலை, யாருக்கோ சொல்வது போல.

"கம்பு புடிச்ச கைக்கும் வரலியே கங்காணி."

பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலை தன் துணியை வெடுக்கென்று இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பிடிபட்டது. மூச்சை விட்டுக்கொண்டே கையை நகர்த்தினால் தையல் ஒரே அளவாக விழுந்தது. அந்தச் சமயத்தில் பெல்மதுளைக் கடைக்காரர் மர்சூக், பெரிய கட்டிலுக்கான போர்வைகள் கேட்டார். அத்தனை பெரிய போர்வை மேசையிலிருந்து தொங்கினால், அதன் பாரமே துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கிவிடும். ஒருவர் தைக்க, ஒருவர் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எல்லோரும் சோடி சேர்ந்த பிறகு மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான்.

"நான் தனியா தைக்கிறேங்க டீச்சர்."

"இதைத் தனியத் தைக்கேலாது அம்மா."

ஏழுமலை மேசையில் சாய்ந்து பாரத்தைப் பிடித்தார். பிடித்தவர் வாயை மூடவில்லை. "இந்தப் பக்கம் திருப்பு. மெதுவா. ஏய், மெதுவான்னு சொல்றேன்ல." கொடி கோணிக்கொண்டு போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள்.

அவர் தைக்கும் முறை வந்தது. வெள்ளையம்மா சுருளைத் தோளில் தாங்கி நின்றாள்.

"ஒழுங்காப் புடி" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "மலையில இருந்த காலத்துலயே ஒனக்கு வேலையில புத்தி கெடையாது."

அவள் தோளைச் சாய்த்தாள். சுருள் முழுவதும் சரிந்து தரையில் விழுந்தது. துணியோடு அவருடைய கையும் ஊசிக்கடியில் போனது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து முறிந்தது. அவர் கத்தவில்லை. விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

டீச்சர் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தினார். "என்ன நடந்தது?"

"கால் வழுக்கிருச்சு. பெடல அமுக்கிட்டேன்" என்றார் ஏழுமலை.

அடுத்த வகுப்புக்கு விரலில் கட்டோடு வந்தார். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"ஒங்க ஆத்தா செத்த அன்னைக்கி நான் போக விடல. அத வச்சுத்தான் செஞ்சிருக்கே. சரி, போகட்டும். இப்ப சரிக்குச் சரி."

"எங்க ஆத்தா மொகமும் ஒங்க வெரலும் ஒண்ணா கங்காணி?"

அவர் கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டார்.

"வேணும்னுதான் விட்டேன். டீச்சர்கிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க."

"இப்ப நான் புடிக்கணுமா, வேணாமா?"

"புடிங்க. வாயத் தொறக்காமப் புடிங்க."

அவர் பிடித்தார். போர்வையில் பட்டிருந்த ரத்தம் எத்தனை சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அவள் அதன்மேல் இலைகளை நெருக்கி நெருக்கித் தைத்து மறைத்தாள். அவருக்குப் பாவம் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுமோ என்று எதிர்பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் கேட்டார். "வளைவுல எனக்கு நூல் அறுந்துருது. நீ எப்புடித் திருப்புற?"

வளைவில் எல்லோரும் கையை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் அறுகிறது என்று அவளுக்குத் தெரியும். பெடலை அழுத்தினாள். மெஷின் சத்தத்தில் அவர் இரண்டாம் தடவை கேட்ட கேள்வியும் அமுங்கிப்போனது.

போர்வை மர்சூக் கடைக்குப் போனது. அதோடு ஏழுமலை வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். டீச்சர் லயத்துக்கே போய்க் கூப்பிட்டதற்குக் கண் தெரியவில்லை என்றாராம். வெள்ளையம்மாதான் விரட்டிவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

"அடுத்ததுக்கு ஆரைப் பிடிக்கச் சொல்ல?" என்று கேட்டார் டீச்சர்.

"யாரும் வேணாங்க. தொட்டில் புள்ளைக்குப் போடுற சின்ன அளவுல தாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் காலியாய்க் கிடந்த ஜன்னலோரத்து மெஷினுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.