மூன்றில் நின்ற எண்

அண்ணனின் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் பின்கட்டுக் குழாயடியில் அவன் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்து பக்கத்தில் குந்தினார்.

"வண்டியைப் பார்த்துட்டுத்தான் வரேன் தம்பி. வண்டி பிரேக்ல பழுது இல்ல. டிரெய்லர் பிரேக்தான் சரியாப் பிடிக்கல. பெட்டியில நம்பர் மூணு."

 அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு முன்பக்கம் போனார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சின்னப் பெட்டி அது. பிரேக்கை மிதித்ததும் பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் மின்சாரம் அனுப்பி அவற்றையும் பிடிக்கவைக்கும். எவ்வளவு அழுத்தமாக என்பது அதிலிருக்கும் எண்ணைப் பொறுத்தது. பாரம் இருந்தால் ஏழு. காலி டிரெய்லரை ஏழில் இழுத்தால் சக்கரம் இறுகி, டயர் தரையில் தேயும். அதனால் முந்தாநாள் மாலை காலியாகத் திரும்பியபோது அவன்தான் மூன்றுக்கு இறக்கினான். எண்ணை இறக்கினவன் சாவியைக் கையில் கொடுத்து வாயால் சொல்ல வேண்டும் என்பது அண்ணன் தம்பிக்குள் இருந்த ஏற்பாடு. அன்றைக்கு இருந்த அலுப்பில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டான். மறுநாள் காலை, டைல்ஸ் ஏற்றிய டிரெய்லர் மலையிறக்கத்தில் அண்ணனை வண்டியோடு தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்த்தது. அண்ணன் அங்கேயே இறந்துபோனான்.

"மெக்கானிக் சொன்னது காதுல விழுந்துச்சு."

அண்ணி நிலைப்படியில் நின்றிருந்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"தினமும் உங்கண்ணன் தெருமுனை வரைக்கும் ஊர்ந்துக்கிட்டே போவாரு. அந்தப் பெட்டிப் பொத்தானை ஒருதரம் அழுத்தி, டிரெய்லர் பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் வேகம் எடுப்பாரு. 'ஆமை கிளம்பியாச்சு'ன்னு எதிர்வீட்டு அக்கா கூடக் கிண்டல் பண்ணுவாங்க."

"ம்."

"நேத்து நான்தான் விரட்டினேன். பாப்பாவுக்குப் பரீட்சை, வழியில இறக்கி விடணும், இன்னிக்காவது மனுஷன் மாதிரி ஓட்டுங்கன்னு. பெட்டியைப் பார்க்காமலே கிளம்பி, பாப்பாவை ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டு அப்படியே மலைக்குப் போயிட்டாரு. நானே அனுப்பி வச்ச மாதிரி ஆயிடுச்சு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. அவன் குழாயை மூடினான்.

"அண்ணி, மூணுல வச்சது நான்."

அவள் நிமிர்ந்தாள்.

"எப்ப?"

"முந்தாநாள். காலியா வந்தப்ப."

"சொல்லலையா அவர்கிட்ட?"

"இல்ல."

"ஏன்?"

"தூங்கிட்டேன் அண்ணி."

முன்வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "எல்லாரும் வந்தாச்சு. எடுத்துடலாமா? தம்பி எங்கப்பா?"

 அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஈரக் கையோடு அவன் அங்கேயே நின்றான். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். மாமா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்.

தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.