ஆர்டனின் கிணறு

ஊர்த் தண்ணீர் நிலையத்தில் மார்லிஸுக்கு இருபத்திரண்டு வருட வேலை. தினம் காலையில் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, தாளில் கையெழுத்துப் போட்டு, அதே தண்ணீரில் காபி போட்டுக் குடிப்பாள். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து அந்தச் சோளக்காட்டு ஊரில் அவள் கையெழுத்தை நம்பாத ஒரே ஆள், கூடப் பிறந்த தம்பி ஆர்டன்.

அவனைக் கேட்டால் கவர்னர் முதல் கசாப்புக் கடைக்காரன் வரை எல்லாரும் விலைபோனவர்கள். உலகம் வேறு அழியப்போகிறது. போன ஈஸ்டருக்கே அழிந்திருக்க வேண்டியது, அக்டோபருக்குத் தள்ளிப்போயிருக்கிறதாம். அதற்காக வீட்டுக்கு அடியில் இரும்புக் கதவு போட்ட நிலவறை கட்டினான். ஊர்க் குழாயை வெட்டி எறிந்துவிட்டுக் கிணறு தோண்டினான். எங்கே? பக்கத்துப் பன்றிப் பண்ணையின் கழிவு இறங்குகிற பள்ளத்தில்! ஊரையே சந்தேகப்பட்ட மகராசனுக்கு அந்தக் கிணற்றைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அவன் ஒருவனே குடித்துத் தொலைத்தால் மார்லிஸ் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் அவன் மகள் கென்ட்ரா ஏழு வாரக் கைக்குழந்தையோடு அங்கே வந்து தங்கியிருந்தாள். அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கலக்கிறாள். மார்லிஸ் யாரிடமும் சொல்லாமல் ஒரு புட்டி பிடித்துப்போய்ச் சோதித்தாள். கழிவிலிருந்து ஊறி இறங்கும் நைட்ரேட் உப்பு, இருக்கலாம் என்கிற அளவைப்போல் நான்கு மடங்கு இருந்தது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தைக்கோ ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் உடம்பு நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்து.

மறுநாள் மதியம் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடினாள். நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே கலக்குகிறேன் அத்தை என்றாள் கென்ட்ரா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், அந்த விஷம் கூடத்தான் செய்யும் என்று மார்லிஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். ஆர்டன் தாளின் மேலிருந்த அரசு முத்திரையை மட்டும் பார்த்தான்.

"உன் மேல தப்பில்லக்கா. உனக்கே தெரியாம உன்னையும் வளைச்சுப் போட்டிருக்காங்க."

"சோதிச்சது நான்டா. இந்தக் கையாலதான்."

அவன் பரிதாபப்பட்டுச் சிரித்தான். அப்போதுதான் அவள் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். மை தொட்டதுபோல் நீலமாக இருந்தது. நின்ற இடத்திலேயே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆர்டன் மகள் பக்கம் திரும்பினான். "சொன்னேன்ல? முதல்ல தண்ணி சரியில்லம்பாங்க. அப்புறம் புள்ளையத் தூக்க வண்டி வரும்."

கென்ட்ரா அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்னால் நிலவறைக்குள் இறங்கினாள். உள்ளிருந்து தாழ் விழுந்தது.

மார்லிஸ் கை வீங்கும்வரை தட்டினாள். உலகமே அழிந்தாலும் திறக்காதபடி கட்டிய கதவு அது.

"கென்ட்ரா, அந்தத் தண்ணிய மட்டும் குடுத்துடாதடி கண்ணு."

ஆம்புலன்ஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். நிலவறையின் காற்றுக்குழாய் வழியே குழந்தை சிணுங்குவது கேட்டது. அப்புறம், பால் புட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டது.