சுந்தரராஜுலு வீட்டு மொட்டை மாடி

பொருளாதாரப் பேராசிரியர் சுந்தரராஜுலு தம் வீட்டு மொட்டை மாடியைப் பற்றி வகுப்பில் பேசினால், ஏதோ பல்கலைக்கழகத்தின் தனித் துறை ஒன்றைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

"சனிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் வீட்டுக்கு வந்துருங்க. எதிர் மைதானத்துல நரசிம்மலு பேசறார். ஜனநாயகத்தைப் புத்தகத்துல படிச்சாப் போதாது. மேல இருந்து பார்க்கணும்" என்றார்.

மேலிருந்து பார்ப்பதற்கும் ஜனநாயகத்துக்கும் என்ன பொருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேராசிரியர் வீட்டில் மைசூர்பாகு நன்றாக இருக்கும் என்பது பழைய மாணவர்கள் வழியாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அறுபத்திரண்டாம் வருடத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நரசிம்மலு கோயமுத்தூரில் நின்றார். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் தோட்டம், பம்பு செய்யும் தொழிற்சாலை, நான்கு பேருந்துகள் எல்லாம் அவருக்கு உண்டு. நாலு வார்த்தை சேர்த்துப் பேசத்தான் வராது. பள்ளி ஆண்டுவிழாக்களில் "எல்லாரும் நல்லாப் படிங்க, நான் வாரேன்" என்று சொல்லி இறங்கிவிடுகிறவர்.

சாந்தாமணி சனிக்கிழமை தோழி ராமாமணியோடு போய்ச் சேர்ந்தபோது மாடி நிரம்பியிருந்தது. ஆண்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரம் பாய் விரித்திருந்தது. பேராசிரியரின் மனைவி வெங்கடலட்சுமி தட்டுகளை எடுத்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

கீழே லாரிகளிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கடா, மூட்டை எறக்கற மாதிரி எறக்கறாங்க" என்றான் திருமலைசாமி. அவன் ஒரு மில் முதலாளியின் மகன். பேராசிரியர் சிரிப்பதற்கு அரை நொடி முன்பே சிரிக்கத் தெரிந்தவன். "இதுகளுக்கெல்லாம் ஓட்டு குடுத்ததே தப்புங்க சார்."

"அறியாமை, திருமலைசாமி, அறியாமை" என்றார் பேராசிரியர், பெரிய மனது வைத்து மன்னிக்கிறவர் போல. மாடி முழுக்கச் சிரித்தது. சாந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியமங்கலத்தில் அவள் அப்பா இப்படியொரு லாரியில் ஏறிப் போய்ப் பலமுறை கூட்டம் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து, மேடையில் பேசியவனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்.

நரசிம்மலு எழுந்து மைக்கைப் பிடித்தார். முதலில் இருமினார். பிறகு, எல்லோரும் வியக்கும்படி, கடகடவென்று பேச ஆரம்பித்தார். வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நில உச்சவரம்புச் சட்டம் உழவனின் கழுத்தில் போட்ட சுருக்கு என்றார். இங்கிலாந்தில் என்ன நடந்தது, ஜப்பானில் என்ன நடந்தது என்றெல்லாம் சொன்னார்.

பேராசிரியர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவர் உதடுகள் அசைவதைச் சாந்தாமணி கவனித்தாள். ஒலிபெருக்கிக்கு ஒரு வார்த்தை முன்னால் அவை அசைந்தன.

"கவனிங்க, இப்ப ஒரு கதை வரும்" என்றார் பேராசிரியர்.

வந்தது. ஒரு குடியானவன் பாடுபட்டுக் கிணறு வெட்டினானாம். சர்க்கார் அதிகாரி வந்து, கிணற்றை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றானாம். குடியானவன் சரியென்றான். மேல்பாதி உனக்கு, கீழ்பாதி சர்க்காருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனானாம் அதிகாரி. தண்ணீர் கிடந்தது கீழ்பாதியில்.

மைதானம் கொல்லென்று சிரித்தது. மாடியும் சிரித்தது. "என்ன ஒரு உவமை சார்!" என்று திருமலைசாமி தொடையில் தட்டினான்.

பேராசிரியர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "காலேஜுக்குப் போகாத மனுஷன். இது எங்கிருந்து வருது சொல்லுங்க? அனுபவம்!"

"சத்தியமங்கலத்துலிருந்து வருதுங்க சார்" என்றாள் சாந்தாமணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தனுங்க. எங்க ஊர்ல நிக்கற எதிர்க்கட்சி அழகிரிசாமி கூட்டம் நடந்துச்சு. எங்க ஊட்டுக்கு நேரா மைக்குக் கொழாயக் கட்டியிருந்தாங்க. இதே கெணத்துக் கதைதானுங்க. ஆனா அங்க ஏமாந்தவன் பண்ணையாள். மேல்பாதிய அவனுக்குக் குடுத்துப்போட்டுக் கீழ்பாதிய வெச்சுக்கிட்டது நெலத்துக்காரன். அதனால உச்சவரம்பு வேணும்னு முடிச்சாருங்க."

"நாட்டுப்புறக் கதைம்மா. யார் வேணா சொல்லலாம்" என்றார் பேராசிரியர். குரல் சற்றே மேலே போயிருந்தது.

"சரிங்க சார். இப்ப அடுத்ததா, 'தாகத்துக்கு ஏது சாதி, தாகத்துக்கு ஏது கட்சி'ன்னு கேப்பாருங்க. கேட்டுப்போட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிப்பாரு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "தாகத்துக்கு ஏதுங்க சாதி? தாகத்துக்கு ஏதுங்க கட்சி?" என்று முழங்கிய நரசிம்மலு, மேசையிலிருந்த டம்ளரை எடுத்துக் குடித்தார்.

ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் பேராசிரியரைப் பார்க்கவில்லை, மைசூர்பாகைப் பார்த்தார்கள்.

"உக்காரும்மா" என்றார் பேராசிரியர். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் நரசிம்மலு சாலையைக் கடந்து மாடிக்கே வந்துவிட்டார். காப்பிக்கு ஏற்கெனவே அழைத்திருந்தார்கள் போலும். கழுத்தில் கசங்கிய ரோஜா மாலை. கதர்ச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. திருமலைசாமி தன் நாற்காலியைத் தோளுயரம் தூக்கிக் கொண்டுவந்து போட்டான். இப்படிப்பட்ட பேச்சைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றான். அவனுக்கு வயது இருபது.

நரசிம்மலு காப்பியை ஆற்றிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "ஏனம்மணி, எல்லாருஞ் சொன்னாங்க, நீ ஒண்ணுஞ் சொல்லுலியே?"

பேராசிரியர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அது ஹாஸ்டல் பொண்ணுங்க. நேரமாச்சு, கெளம்பணும்."

"சொல்லட்டுமுங்க."

சாந்தாமணி சொன்னாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதை, தாகம், தண்ணீர் டம்ளர் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் காப்பித் தட்டோடு இருவருக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். நரசிம்மலு கத்துவார், மாலையைக் கழற்றி எறிவார், பேராசிரியரின் மானம் மைதானம்வரை போகும் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி நடந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

நரசிம்மலு யோசித்தார்.

"அங்க கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க."

"இங்கத்தவிட சாஸ்தியா?"

"இல்லீங்க. கம்மிதான். அங்க லாரி விடலீங்க."

நரசிம்மலு தலையை அண்ணாந்து சிரித்தார். லாரியைப் பற்றி அவள் சொன்னது அவரைத் தொடவே இல்லை. "அப்பறமென்ன! சரக்கு ஒண்ணா இருந்தாலும் நம்ம கடையிலதான் நல்லா ஓடுது." பேராசிரியரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஏனுங்க புரொபசர், அடுத்தவாட்டி மொதல்ல எனக்குக் குடுங்க. அப்பறம் யாருக்கு வேணுமோ குடுத்துக்குங்க."

பேராசிரியர் சிரித்தார். உயிர் திரும்பி வந்தவனின் சிரிப்பு அது. உடனே திருமலைசாமி சிரித்தான். பிறகு மாடியில் இருந்த அத்தனை பேரும், எதற்கென்று தெரிந்தே, சிரித்தார்கள். சற்று முன்பு லாரியில் வந்தவர்களின் அறியாமைக்குச் சிரித்ததைவிட உரக்கச் சிரித்தார்கள். கீழே இருந்தவர்களாவது நகைச்சுவைக்குச் சிரித்தார்கள் என்று சாந்தாமணி நினைத்தாள். தட்டைத் தொட்டி மேல் வைத்துவிட்டு எழுந்தாள். ராமாமணியும் எழுந்தாள், ஒரு மைசூர்பாகைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு.

வெங்கடலட்சுமி வாசல்வரை கூடவே வந்தார்.

"ரெண்டு பேச்சும் அவரு ஒரே நாள்ல எழுதுனது கண்ணு" என்றார், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சாந்தாமணியிடம். "எவன் செயிச்சாலும் ஒரு கமிட்டியில எடங் கெடைக்குமாமா. காப்பி போட்டுப் போட்டு எனக்குத்தான் கை ஓஞ்சு போச்சு."

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"சொன்னனே. இன்னொருத்தனும் நிக்கறான், அவனுக்கும் எழுதிக் குடுத்துப்போடுங்கன்னு. யோசிக்கறேன்னாரு."

மூன்று பேரும் தெருவில் நின்று சிரித்தார்கள்.

தேர்தலில் நரசிம்மலு ஜெயித்தார். அழகிரிசாமி தோற்றார். பேராசிரியருக்கு விவசாயக் கமிட்டி ஒன்றில் இடம் கிடைத்தது. வகுப்பில் அவர் அதன்பிறகு சாந்தாமணியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆண்டு முழுக்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பரீட்சைத் தாள்கள் மதராஸில் திருத்தப்பட்டதால் முதல் வகுப்பும் வந்தது.

கமிட்டிக்குப் போன பேராசிரியருக்கு மாணவர்கள் பாராட்டுக் கூட்டம் வைத்தபோது, திருமலைசாமி விடுதி வாசலுக்கே வந்து கூப்பிட்டான்.

"நீ வரலைன்னா சார் என்ன நெனைப்பாரு?"

"எதையாவது நெனைக்கட்டும். அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சாந்தாமணி துணி காயப்போடப் போய்விட்டாள்.