ஏழு கண்டம் தாண்டிய கார்

என் காருக்கு வயது இருபத்தாறு. எனக்கு முப்பத்தொன்பது. இரண்டில் எது அதிகமாகக் கத்தும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. என் காதுபடவே கேட்பார்கள்.

வாங்கி எட்டு மாதம். முதல் மாதம் பூனை மாதிரி ஓடியது. அதற்கப்புறம் முன்பக்கம் எங்கிருந்தோ ஒரு 'கிரீச்' வந்தது. பிறகு அது 'கரகர' ஆனது. ஏசியைப் போட்டால் இரண்டும் சேர்ந்து வரும். றக்வானக் கடைத்தெருவில் நான் திரும்பும்போதே மரக்கறிக்கடைக்காரர் தலையைத் தூக்காமல், "டீச்சர் வாறாங்க" என்பார். ஏசியின் கம்ப்ரசர் போய்விட்டது என்று கார் வைத்திருப்பவர்களும் சொன்னார்கள், கார் இல்லாதவர்களும் சொன்னார்கள்.

ஏசியைப் போடாமல் ஓட்டு என்று ஆளுக்கு ஆள் புத்தி சொல்வார்கள். எங்கள் மலையில் மழை பிடித்தால் கண்ணாடி உள்ளே புகை மூட்டமாகிவிடும், ஏசி போட்டால்தான் முன்னால் ரோடு தெரியும். ஒரு கையில் துணியும் மறு கையில் ஸ்டியரிங்குமாக அந்த வளைவுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து புத்தி சொல்லட்டும்.

திங்கட்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடசாலையில் நான் பிரதி அதிபராகப் பொறுப்பேற்க வேண்டும். பதினாறு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து வாங்கிய பதவி. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். முதல் பஸ் அங்கே போய்ச் சேர எட்டு இருபது ஆகும். கார் இருந்தால் பதவி, இல்லாவிட்டால் இல்லை. இதை நான் வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அப்படியிருந்தும் சனிக்கிழமை காலை, நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் குமாரவேல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு வண்டி வாங்கி விக்கிற மர்சூக் நானா வர்றாரு. வண்டியப் பாக்க."

"எந்த வண்டிய?"

"நம்ம வண்டியத்தான். சொன்னா ஒடனே எடுத்துக்கிறேன்னாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "யாரக் கேட்டு விக்கிறீங்க? திங்கக்கெழம நான் எதுல போறது? ஒங்க தோள்லயா?"

"அந்த வண்டிக்கு நேரம் சரியில்ல, கலா."

"சயன்ஸ் டீச்சர்கிட்ட வந்து நேரம் காலம் பேசாதீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு அவ்வளவுதான். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டுகிறவர், பகல் முழுக்க இரைச்சலில் நின்று பேச்சையே மறந்தவர். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட என் காரில் ஏறி உட்கார்ந்ததில்லை. பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போக மானம் இடம் கொடுக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காரைக் கழுவி, பொனட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். காருக்கு அவர் செய்த மரியாதை அது ஒன்றுதான்.

கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. சாவியை எடுத்துக்கொண்டு இரத்தினபுரி கராஜுக்குக் கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏசியைப் போட்டேன். கிரீச், கரகர. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து, சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று காதைக் கொடுத்து, ஏசியை நிறுத்தி, கண்ணாடி மூட மூட மறுபடி போட்டு, நான் ஒரு நிலையில் இல்லை. இங்கேயே நின்றுவிட்டால் என்ன செய்வது, யாருக்குப் போன் போடுவது, அவருக்கா, போட்டால் 'நான் சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை வருமே என்று மனம் அலைந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரர் ஓரம் கட்டி, "மிஸ், பரிஸ்ஸமின்!" என்று சிங்களத்தில் கத்தினார். கவனமாம். கவனமாகப் போகாமல் நான் என்ன ரேஸா ஓட்டுகிறேன்?

மெக்கானிக் நிலாம் நானாவின் கராஜில் நிறுத்தியபோது என் விரல்கள் ஸ்டியரிங்கை விட மறுத்தன.

"கம்ப்ரசர்தானே?" என்றேன், இறங்காமலே. "செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க, நானா. நான் தாங்கிக்குவேன்."

"மொதல்ல ஏசிய நிப்பாட்டுங்க டீச்சர். எஞ்சின் ஓடட்டும்."

நிறுத்தினேன். கிரீச் நிற்கவில்லை. நிலாம் நானா சிரித்தார்.

"ஏசி போட்டா மட்டும் கத்துனா கம்ப்ரசர். நிப்பாட்டியும் கத்துனா அதுக்கு வெளியில சுத்துற சக்கரம். அது எஞ்சினோட எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். இத்தன மாசம் இதக்கூட ஒருத்தரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டேனே தவிர, நிற்கிறதா என்று நானும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

அவர் பெல்ட்டைக் கழற்றி, காருக்கு அடியில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "இது என்ன டீச்சர்?" என்று கையை நீட்டினார்.

உள்ளங்கையில் கிரீஸ் படிந்த ஒரு கறுப்பு உருண்டை. துணியில் துடைத்துப் பிரித்தார். நூல். மஞ்சள் நூல். ஒன்றல்ல, பல. சிலதில் முடிச்சு அப்படியே இருந்தது, மூன்று மூன்றாக. ஒரு துண்டில் மஞ்சள் கிழங்குச் சில்லும் ஒட்டியிருந்தது.

"மேல ஏசிக் கொழாய்ல கட்டினது விழுந்து, சக்கரத்துக்குப் பின்னால போய்ச் சுத்தி, பேரிங் மூடிய அறுத்துருக்கு. தண்ணி பூந்து பேரிங் கத்துது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இறுகியிருக்கும். வண்டிக்கு இருக்கிறது ஒரே பெல்ட். அது அறுந்து நடு மலையில நின்னிருப்பீங்க. கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு. யாரு கட்டினது இத?"

செய்வினை. வேறென்ன? இதே பதவிக்கு, என்னோடு படிப்பிக்கும் ஷாமிளா டீச்சரும் மனுப் போட்டிருந்தாள். எனக்குக் கிடைத்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரைப் பாடசாலை வளவில்தான் நாளெல்லாம் விட்டிருந்தேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, நூலைத் தொடப் பயந்து கடுதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

பேரிங் மாற்றி முடிய மூன்று மணியானது. கார் சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்குள் சத்தம் அடங்கவில்லை. வழியெல்லாம் ஷாமிளாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அவள் வீட்டு வாசலுக்கே போய் இந்த உருண்டையை மூஞ்சியில் எறிவதாக முடிவெடுத்து, எறியும்போது சொல்ல வேண்டியதையும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைத்தெருவில் மரக்கறிக்கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "டீச்சர்" என்றும் சொல்லவில்லை. லயத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டு வாசல் வரை போய் நிறுத்தினேன். அப்போதும் என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

அவர் வாசல் படியில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு சிரட்டையில் கரைத்த மஞ்சள். மடியில் ஒரு நூல். அதை முறுக்கி, முடிச்சுப் போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு. இரண்டு. மூன்றாவதைப் போடும்போது நிமிர்ந்து பார்த்தார். சிரட்டை உருண்டது.

"நீ... எப்ப வந்த? சத்தமே கேக்கலையே?"

நான் கைப்பையைத் திறந்து, கடுதாசியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது ஒங்க வேலையா?"

அந்தக் கறுப்பு உருண்டையை எடுத்து, ஒரு முடிச்சை விரலால் தடவினார்.

"ஃபெக்டரியில ரோதமுனிக்குப் பூச வச்சு ரோலருக்கெல்லாம் காப்புக் கட்டுவோம்ல," என்றார். ரோதமுனி என்பது ஃபெக்டரிச் சக்கரங்களுக்குக் காவல் இருக்கும் சாமி. "கை கால் மாட்டாம அவருதான் பாத்துக்கிறாரு. நீ அந்த வளைவெல்லாம் தனியா போய் வர்ற. அதான் நீ வண்டி வாங்கின அடுத்த மாசமே ஒன்னு கட்டுனேன். சொன்னா திட்டுவ."

"எஞ்சின்ல வேற எடமே இல்லையா? அந்தச் சக்கரத்துக்கு மேல இருக்கிற ஏசிக் கொழாய்லதான் கட்டணுமா?"

"மத்ததெல்லாம் சுட்டுச்சு கலா. கயிறு கருகிரும்னு நெனச்சேன். அந்தக் கொழா ஒன்னுதான் சில்லுன்னு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ரோலர்ல கட்டுனா வருசம் பூரா அப்படியே கெடக்கும். ஒன் வண்டில மாசம் ஆகுறதுக்குள்ள கயித்தக் காணோம். காப்பு தானா அறுந்தா, வர இருந்த கண்டம் ஒன்னு அதோட போச்சுன்னு அர்த்தம். மறுபடி கட்டுனேன். அதயும் காணோம். ஏழு மாசம், ஏழு தடவ. இவ எந்த வளைவுல எத தாண்டி வந்தாளோன்னு ஒவ்வொரு தடவயும் நெனச்சுக்கிட்டேதான் புதுசு கட்டுவேன். சத்தம் வேற கூடிக்கிட்டே போகுது. எட்டாவது கண்டம் தப்பாதுன்னு தோணிச்சு. அதான் மர்சூக் நானாகிட்ட..."

"என் பக்கத்துல ஒரு நாளாச்சும் உக்காந்து வந்திருந்தா இந்தப் பயம் இருந்திருக்குமா?"

"நான் ஏறுனா பயத்துல கத்திருவேன். ஒன் கை தடுமாறிரும்."

மானம் என்று நான் நினைத்தது இதைத்தான். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"கண்டமும் இல்ல ஒன்னும் இல்லைங்க. நீங்க கட்டின கயித்தத்தான் வண்டி தின்னுச்சு. தின்னுட்டுத்தான் கத்திச்சு."

"அப்ப ஒனக்கு ஒரு ஆபத்தும் வரலையா? ஏழுல ஒன்னு கூடவா?"

"ஒன்னு கூட வரல."

அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "மர்சூக் நானா, நாளைக்கு வராதீங்க. வண்டி குடுக்கல. திங்கக்கெழம டீச்சருக்கு வேணும்." வீட்டில் அவர் என்னை டீச்சர் என்று சொன்னது அன்றுதான் முதல் முறை.

போனை வைத்தபின், மஞ்சள் ஈரம் காயாத அந்த எட்டாவது கயிறு இன்னும் மடியிலேயே கிடந்தது. அதை எடுப்பதா எறிவதா என்று தெரியாமல் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் இடது கையை நீட்டினேன். "வண்டிக்கு வேணாம். இங்க கட்டுங்க."

"நீ சயன்ஸ் டீச்சர்..."

"கட்டுங்கங்கிறேன்ல."

கட்டினார். என் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்ட நாளில்கூட அவர் இவ்வளவு இறுக்கிக் கட்டவில்லை.