ஊசியா, கத்தியா

முக அழகு சிகிச்சைக்காக அந்த மருத்துவமனைக்கு வருகிறவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவளைத்தான் பார்க்க வேண்டும். பதினேழு வருடமாக அதே சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேஜைமேல் ஒரு கைக்கண்ணாடி. கண்ணாடியை வந்தவர் கையில் கொடுத்து, "எது உறுத்துதுன்னு நீங்களே சொல்லுங்க" என்பாள். பிறகு ஊசி எதற்கு, லேசர் எதற்கு, தோலுக்கடியில் நூல் செலுத்திக் கன்னத்தைத் தூக்குவது எப்படி, அறுவை சிகிச்சை யாருக்கு என்று நிதானமாக எடுத்துச் சொல்வாள். அந்த வேலைக்குக் கவுன்சிலர் என்று பெயர். "மூணு நாளா தெரு விளக்கு எரியல, கவுன்சிலரம்மா கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" என்று அவள் கணவர் வருடக்கணக்காக ஒரே ஜோக்கை அடித்துக்கொண்டிருந்தார். அவளும் சலிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு நடக்கும்போது புது மேனேஜர் வந்தாள். முப்பது வயதுப் பெண். மரியாதை தெரிந்தவள், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க நீங்க பேசறதைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாக்கறாங்க."

"பாத்தா?"

"இங்கயே இருக்கறவங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே, நமக்கு என்ன பண்ணிடப் போறாங்கன்னு தோணும்ல."

ஊழியர்களுக்குச் சலுகை உண்டு, இரண்டு மாதத்துக்குள் ஏதாவது செய்துகொண்டால் நல்லது என்றாள். செய்யாவிட்டால் என்ன என்று இவள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் தன் அறையில் அவளை விளக்குக்கு நேராக உட்காரவைத்து, தாடையோரத் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நூல் போட்டா மிஞ்சிப்போனா பத்து மாசம். அப்புறம் பழையபடி இறங்கிடும். ஊசிய ஏத்திக்கிட்டே போனா முகம் உப்பும், தாடை தூக்காது. இந்தத் தளர்ச்சிக்கு ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. மத்ததெல்லாம் வீண்."

"இதே மாதிரி முகத்தோட வர்றவங்களுக்கு நூலே போதும்னு சொல்லத்தானே எனக்குக் கத்துக் கொடுத்தீங்க, டாக்டர்?"

அவர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். "நீங்க நம்ம ஆளு. உங்ககிட்ட எதுக்குச் சுத்தி வளைக்கணும்?"

கத்திக்கு ஒப்புக்கொள்கிறவர் ஒருமுறை வந்து போய்விடுவார். ஊசிக்கு வருகிறவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருப்பார். இது அவளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஆபரேஷனா? இருக்கற முகத்துக்கு என்ன குறைச்சல்?"

"வேலை போயிடும்."

"அப்படி நேரா சொன்னாங்களா?"

"நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேனே."

அவர் மடித்த பத்திரிகையை மறுபடி விரித்தார்.

காதுக்கு முன்னாலும் பின்னாலும் கீறி, உள்தசையை இழுத்துத் தைத்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, இரண்டு பக்கமும் ரத்தநீர் வடியச் சின்னக் குழாய்கள். முகம் வீங்கி, முதலில் கறுத்து, பிறகு பச்சையாகி, கடைசியில் மஞ்சளானது. இரண்டு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கணவர் குழல் போட்ட டம்ளரில் பால் கொண்டுவந்து வைப்பார்; அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நாட்களில் அவர் கவுன்சிலர் ஜோக்கைச் சொல்லவே இல்லை.

மூன்றாம் மாதம் கண்ணாடியில் தெரிந்தவளுக்கு நாற்பது வயது சொல்லலாம். டாக்டருக்குக் கைத்திறன் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. காதோரம் மரத்துப் போனது மட்டும் சரியாகவில்லை. மேனேஜர் அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யாராவது கேட்டா ஊசியும் நூலும்னு சொல்லிடுங்க அக்கா. கத்தின்னா பயந்து ஓடிடுவாங்க" என்றாள்.

அந்த வாரம் ஒரு நீச்சல் பயிற்சியாளர் வந்தாள். இருபத்தைந்து வருட வெயில் அவள் கன்னத்தைக் கசக்கிவிட்டிருந்தது. கைக்கண்ணாடியை வாங்கி, பார்க்காமலே மேஜையில் வைத்தாள்.

"பாக்க வேண்டாம், எனக்கே தெரியும். என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. பள்ளிக்கூட வாசல்ல ஒருத்தங்க, பேத்திய கூட்டிட்டுப் போக வந்தீங்களான்னு கேட்டுட்டாங்க. அன்னையிலேர்ந்து வாசலுக்கு வராதம்மா, முனையிலயே நில்லுன்னு சொல்லுது." பிறகு இவளையே உற்றுப் பார்த்தாள். "நீங்க என்ன பண்ணிக்கிட்டீங்க?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேனேஜரின் தலை தெரிந்தது.

"ஊசியும் நூலும்தான்" என்றாள்.

"இவ்வளவு நல்லா வருமா?"

"வரும்."

ஒரு வருடத்துக்குள் அந்தப் பெண் நான்கு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் கன்னம் கொஞ்சம் உப்பியது. தாடை இறங்கியபடியே இருந்தது. ஐந்தாம் முறை, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு வந்த மாதிரி எனக்கு வரலியே, மேடம். நான் சிரிச்சா வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்காம். எம்பொண்ணு சொல்றா. எங்கிட்டதான் ஏதோ கோளாறா?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவள் சமாளித்திருப்பாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். காதோர முடியை ஒதுக்கி, வெளிறிய கோட்டைக் காட்டினாள்.

"உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்ல. நான் பண்ணிக்கிட்டது ஆபரேஷன்."

அந்தப் பெண் குனிந்து தழும்பை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தாள்.

"நான் டாக்டரை நம்பி வரல. உங்க முகத்தை நம்பித்தான் வந்தேன்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, "இப்ப சொல்லி நீங்க நிம்மதியாயிட்டீங்க. எனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாளில் எழுத்தில் புகார் வந்தது. டாக்டரும் மேனேஜரும் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். புகாருக்கு மருத்துவமனை எழுதிய பதிலை மேனேஜர் படித்தாள்: எங்கள் ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகத் தவறான தகவல் தந்திருக்கிறார், வருந்துகிறோம்.

"தன்னிச்சையாவா?"

"அப்படிச் சொல்லச் சொல்லி நிர்வாகம் எழுத்துல எதுவும் கொடுக்கலியே, அக்கா."

இவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டு விலகிட்டா கௌரவமா இருக்கும்" என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். இத்தனை வருடத்துக்கு மூன்று வரி போதுமாக இருந்தது.

வேறு வேலைக்கு அலைந்தாள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த பெண் எழுந்து நின்று வரவேற்றாள். வாடிக்கையாளர்களிடம் பழகிய அனுபவத்தைக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி, பிறந்த தேதியில் விரலை நிறுத்தினாள்.

"ஐம்பத்தாறா? பாத்தா சொல்லவே முடியாது."

"ஆமா."

"சின்ன வயசா இருக்கறவங்களைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க, மேடம்." காகிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் கூட்டம். காலையிலிருந்து நடந்ததில் முழங்கால் தெறித்தது. முன் இருக்கையில் இருந்த இளைஞன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நரைத்த தலைப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீங்க உக்காருங்கம்மா" என்று எழுந்து இடம் கொடுத்தான். எப்படிப் பார்த்தாலும் அந்த அம்மாளுக்கு இவளைவிட நாலைந்து வயது குறைவுதான் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசி நிறுத்தம்வரை நின்றே வந்தாள்.