பாதத்தில் ஒரு பெருக்கல் குறி

நெஞ்சில் அடிபட்ட மனுஷனுக்குப் பாதத்தில் எதற்குப் பேனாக் குறி? தையல்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலையில் வேன் சுவரில் மோதி, ஸ்டியரிங் அவள் புருஷனின் நெஞ்சை நசுக்கிவிட்டது. இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது, குழாயின் வெளித்தோல் மட்டும்தான் தாங்குகிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றார் டாக்டர். ஸ்டென்ட் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் ‘வெடிக்கலாம்’ மட்டும்தான் ஏறியது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது பார்த்தால், நர்ஸ் தொடையிடுக்கை மழித்து, இரண்டு பாதத்திலும் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலிலோ கால் முறிந்த ஒருவர் முனகுகிறார். ஆள் மாறிவிட்டது, வேறென்ன? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் பாவிகள். கடையில் துணியில் தப்பாகக் குறி விழுந்தால் செய்வதையே செய்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மை மறையும்வரை தேய்த்தாள். பிறகு கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலைத் தள்ள வந்த நர்ஸ் திகைத்தாள். "குறி எங்கம்மா?"

"நான்தான் அழிச்சேன். இவருக்கு அடி நெஞ்சுல. அந்தக் கட்டிலைத் தள்ளிட்டுப் போங்க."

நர்ஸ் குனிந்து பாதத்தில் மறுபடி நாடி தேடினாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, நாடி லேசில் அகப்படவில்லை. அதற்குள் டாக்டரே வந்துவிட்டார்.

"நெஞ்சைப் பிளக்கப்போறதில்லம்மா. தொடை வழியா சுருட்டின குழாயை மேல கொண்டுபோய், கிழிசலுக்கு உள்ளே விரிக்கப்போறோம். முடிஞ்சதும் காலுக்கு ரத்தம் ஓடுதான்னு நாடி பாக்கத்தான் அந்தக் குறி."

"சட்டைக் கைக்குள்ள மணிக்கட்டு வழியா லைனிங் விடுற மாதிரியா?"

"அதேதான். கையை எடுங்க."

எடுத்தாள். நர்ஸ் கட்டிலைத் தள்ள வந்ததிலிருந்து, சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் போயிருந்தது.

மத்தியானம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் ஒரு தையல்கூட இல்லை, தொடையில் சின்ன பிளாஸ்திரி. அவர் கண் திறந்தார்.

"அடிபட்டது நெஞ்சுல. காலை ஏன் நோண்டுனாங்க? நீ கேக்கலையா?"

"கேட்டேன். பதினொரு நிமிஷம் கேட்டேன்."

"நல்ல வேளை, நீ கூட இருந்தே."

பாதத்தில் புதிதாகப் போட்டிருந்த குறியின்மேல் அவள் விரலை வைத்தாள். துடித்தது. அது அவருடைய நாடியா, தன் விரலின் துடிப்பா என்று தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள்.