ஒரே டிஸ்க்கில்

பத்துமலை அந்த டிஸ்க்கை வேட்டி முனையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்பவும் ஒருமுறை துடைத்தார். பெத்தவள் செத்துக் கிடக்கிற வீட்டில் டிவி போடுவார்களா என்று மூலையில் ஒரு பெரியவர் முனகியதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பாட்டுக் கூத்தா போடுறேன்? அம்மாவோட எம்பதாவது பெறந்தநாளு. சின்னவன் வந்து சேர்ற வரைக்கும் அது மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டுமே. சத்தத்தக் கொறச்சுதான் வைப்பேன் லா."

சின்னவன் என்றால் அவர் தம்பி யுகேந்திரன். குடும்பத்தோடு வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறான். விமானம் இறங்கி, காடி ஏறி, தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டானாம். அவன் வந்த பிறகுதான் அம்மாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைப்பது என்று பேச்சு.

இருளாயி கூடத்து நடுவில் பெஞ்சில் கிடந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் காசு. கால்மாட்டில் மகள் குமுதா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாய்த்த இடம் அதுதான். கட்டிய வீட்டில் இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வந்தவள், பள்ளிக்கூடக் கெந்தினில் சமையல் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதும் அந்த வேலையையும் விட்டாள். அண்ணன் பத்துமலை ஈப்போவில், தம்பி பெர்த்தில். ரப்பர்த் தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து ஆட்களுக்கென்று சுங்காயில் கொடுத்த இந்த வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

டிஸ்க் உள்ளே போகிற சத்தம் கேட்டதும் குமுதா திரை தெரிகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். சாவு வீட்டில் இப்படியும் ஓர் ஆசை வருமா என்று வெட்கமாகவும் இருந்தது. என்ன செய்ய, இதற்காக எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறந்தநாளன்று மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரமும் கரண்டியுமாக நின்றதில் அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் புனிதாக்காதான் மறுநாள் வந்து சொன்னாள். படம் எடுத்த சீனி, அம்மாவின் சேலையில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டு, பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னானாம்.

"ஒன் பக்கம் கையக் காட்டிக் காட்டிப் பேசுச்சுடி. பாட்டுச் சத்தத்துல எனக்கு ஒரு சொல்லும் கேக்கல. ஆனா அழுதுச்சு. ஒன் ஆத்தா அழுது நான் நேத்துதான் பாத்தேன்."

குமுதாவும் பார்த்ததில்லை. கஞ்சியில் உப்பு இல்லை, தண்ணி சூடு பத்தவில்லை, கூப்பிட்டால் வர இவ்வளவு நேரமா. அந்த வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்தது அதுதான். அப்படிப்பட்டவள் நாலு பேர் நடுவில் தன்னைப் பற்றி என்ன சொல்லி அழுதிருப்பாள்? அன்று மாலை, தலை வாரிவிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"என்னம்மா சொன்ன, வீடியோவுல?"

"அதான் வீடியோவுல வருமே. பாரு," என்றாள் இருளாயி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது குமுதாவுக்கு. அதற்குப் பிறகு கஞ்சியைத் தட்டிவிட்டாலும் கோபம் வரவில்லை. வீடியோவில் வரும். நடுவில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன், அதனால் அம்மா கொஞ்ச நாள் ஈப்போவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து படுத்த படுக்கை. டிஸ்க் அண்ணனிடமே தங்கிப்போய், இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

திரையில் அம்மா சக்கர நாற்காலியில் மாலையோடு இருந்தாள். அண்ணி கலாதேவி கேக் ஊட்டினாள். பேரப்பிள்ளைகள் ஆடினார்கள், ஒரு பாட்டு முழுக்க. பிறகு யாரோ அம்மா முன்னால் போனை நீட்ட, சின்னவன் பெர்த்திலிருந்து முகம் காட்டிப் பேசினான். லைன் சரியில்லை. பேசிக்கொண்டே இருந்தவன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான். நின்றவன் நின்றதுதான். அம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் ஹலோ ஹலோ என்றார்கள். அசையாத முகத்தை அசையும் படமாக இவ்வளவு நேரம் ஓட்டுவார்களா? ஓடியது.

அப்புறம் அம்மாவின் முகம் பெரிதாக வந்தது. சேலையில் மைக்.

"எனக்கு மூணு புள்ளைங்க," என்றாள். கூடத்தில் இரண்டு பேர் விசும்பினார்கள். மூத்தவன் தலையெடுத்துத்தான் குடும்பம் நிமிர்ந்தது என்றாள். சின்னவன் வெளிநாட்டில் இருந்தாலும் ஒரு பண்டிகைக்கும் போனில் கூப்பிடாமல் இருந்ததில்லை என்றாள். மூச்சு வாங்கினாள். பின்கட்டுப் பக்கம் திரும்பி, விளங்குகிற அந்த வலது கையை மெல்ல உயர்த்தினாள்.

சட்டென்று பந்தி வந்தது. இலையில் கேசரி வைத்தார்கள். அண்ணனுடைய ஒப்பிஸ் ஆட்கள் சாப்பிட்டுக் கையசைத்தார்கள். பத்துமலையும் கலாதேவியும் கும்பிட்டு நன்றி சொன்னார்கள். திரை நீலமானது.

புனிதாக்கா மட்டும் குமுதாவைத் திரும்பிப் பார்த்தாள். குமுதா எழுந்தாள். எல்லாம் அண்ணன் வேலை. ஊரே தன்னைத்தான் பெரிய மகன் என்று மெச்ச வேண்டும். அம்மாவை வைத்துப் பார்த்தவள் இன்னொருத்தி என்று வெளியே தெரியக்கூடாது. சரி, இன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்றே புறப்பட்டாள்.

வாசல் கொட்டகையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்த சீனியை முதலில் பின்பக்கம் கூப்பிட்டாள். சீனி சித்தி மகன். நாற்பது வயது ஆகிறது, அவள் முன்னால் இன்னும் நிமிர்ந்து பேச மாட்டான்.

"அம்மா என்னப் பத்திப் பேசுனது எங்க?"

சீனி கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினான்.

"படம் ரொம்பப் பெருசுக்கா. எட்டு ஜிபிக்குக் கிட்ட. ஒரு டிஸ்க்குல நாலரைக்குக் கிட்டதான் கொள்ளும். நசுக்கிப் போட்டா மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். எங்கயாச்சும் வெட்டித்தான் ஆகணும்."

"ரெண்டு டிஸ்க்கா போட ஒனக்குக் கை வரலயா?"

"கேட்டேன்கா. பென் டிரைவ்ல தாரேன்னுகூடச் சொன்னேன். பெரியம்மா டிவில அது குத்த எடமில்ல. ஒரே டிஸ்க்குல போடுன்னு..."

"அண்ணன் சொன்னாரா?"

சீனி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. அண்ணன்தான் வெட்டச் சொன்னாரா?"

"அன்னிக்கு ஈப்போ வீட்டுல அண்ணன் வேலைக்குப் போயிட்டாருக்கா. நானும் பெரியம்மாவும்தான் இருந்தோம். பெரியம்மாதான் பக்கத்துல ஒக்காந்து, இது இருக்கட்டும், இத எடுன்னு சொல்லுச்சு. ஆட்டத்த எடுக்கவான்னேன், வேணாம்னுச்சு. சின்னண்ணன் மொகம் சும்மா நிக்கிதே, அதுலயாச்சும் கொஞ்சம் எடுக்கவான்னேன். கைய வைக்காத, அவன் மொகம் எனக்கு வேற எங்க கெடைக்கப் போவுதுன்னுச்சு. அப்பவும் எடம் பத்தல."

"அப்புறம்?"

"விடுங்கக்கா."

"சொல்லு."

"குமுதா பேச்ச எடுத்துரு, அவ இங்கயேதானே இருக்கான்னுச்சு."

வாசலில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"ரெண்டா போட்டா நடுவுல மாத்த ஒங்களத்தான் கூப்புடணுமாம். ஒங்களுக்கு ஆயிரம் வேலையாம். அதனால ஒண்ணே போதும்னுச்சு," என்றான் சீனி, அது ஒரு சமாதானம்போல.

"வெட்டுனது ஒன்கிட்ட இருக்கா?"

"இல்லக்கா. அடுத்த கல்யாணத்துக்குக் கேமரா கார்டு வேணுமில்ல, அழிச்சிட்டேன். கம்ப்யூட்டர்லயும் இல்ல."

"சரி. நீ கேட்டல்ல. என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான்கா சொன்னாங்க."

"நல்லாத்தான்னா? ஒரு வார்த்த சொல்லு, சீனி. ஒண்ணே ஒண்ணு."

அவன் தலையைக் குனிந்து யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். பொய்யாக ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள், அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு இல்லை.

"நெனப்பு வரலக்கா. வாரத்துக்கு ரெண்டு விசேசம் எடுக்கறேன். எல்லா வீட்லயும் நல்லாத்தான் சொல்றாங்க."

அவனை அனுப்பிவிட்டுக் குமுதா குசினிப் படியில் உட்கார்ந்தாள். அண்ணன் வெட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இப்போது யாரிடம் போவது? வீடியோவில் வரும் பாரு என்று சொன்ன அதே வாய்தான் எடுத்துவிடு என்றும் சொல்லியிருக்கிறது. ஈப்போவிலிருந்து திரும்பி வந்து இத்தனை நாள் இவள் கையால் வாங்கிக் குடித்தபோதும் மூச்சுவிடவில்லை. இப்போது அந்த வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டியதும் இவள்தான். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்ற ஆத்திரம்தான் வந்தது.

முன்பக்கம் காடி நிற்கும் சத்தமும் உடனே ஓலமும் எழுந்தன. யுகேந்திரன் வந்துவிட்டான். அவனை யார் யாரோ கட்டிக்கொண்டு அழுதார்கள். பத்துமலையின் குரலும் உடைந்தது. குமுதா எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சோடு அம்மாவைப் பின்பக்கம் தூக்கி வந்தார்கள். ஆண்கள் விலகிப்போக, பெண்கள் சேலைகளை நாலு பக்கமும் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். எண்ணெயும் சீயக்காயும் கிண்ணத்தில் வந்தன. புனிதாக்கா குடத்தைக் கொண்டுவந்து குமுதாவின் முன்னால் வைத்தாள்.

"எந்திரி. மொதத் தண்ணி நீதான் ஊத்தணும்."

"அண்ணிய ஊத்தச் சொல்லுங்கக்கா."

"என்னடி பேச்சு இது? பெத்த பொண்ணு இருக்கையில மருமக ஊத்துறதா? நாளைக்கி ஊரு என்ன பேசும்?"

"நான் இங்கயேதானே இருக்கேன்," என்றாள் குமுதா. "வந்தவங்க செய்யட்டும்."

புனிதாக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள்.

குமுதா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வளையல்கள் கேட்டன. சீயக்காய் வாசனை வந்தது. கலாதேவிக்கு இதில் பழக்கம் இல்லை. தோளைப் பிடியுங்கள், தலையைத் தாங்குங்கள் என்று பதற்றமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது.

"முதுகுப் பக்கம் ஊத்தணும். அப்படியே இந்தப் பக்கமாச் சாய்ங்க. நல்லா அழுத்திப் புடிங்க."

குமுதா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி இறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"எடப்பக்கம் சாய்க்காதீங்க," என்றாள், திரும்பாமலே.

மறைப்புக்குள் வளையல் சத்தம் நின்றது.

"இடுப்புல புண்ணு இருக்கு. மெதுவா ஊத்துங்க."